40 ஆண்டு பழைய வீட்டுக் கணினி: எது முதலில் கெடும், எது நீடிக்கும்

1980களில் வாங்கிய வீட்டுக் கணினி ஒன்று 25 ஆண்டுகளாகப் பெட்டியிலேயே கிடந்ததாகவும், இப்போது அதை எடுத்து ஓட்டிப் பார்க்க விரும்புவதாகவும், இத்தகைய இயந்திரங்களின் ஆயுள் எத்தனை ஆண்டு என்று தெரிந்துகொள்ள வேண்டும் என்றும் எழுதியிருக்கிறீர்கள். கூடவே, ஓட்டினால் தேய்ந்துவிடுமா, ஓட்டாமல் வைத்தால் கெட்டுவிடுமா, உள்ளே இருக்கும் கெப்பாசிட்டர்கள் (மின்னேற்றத்தைச் சேமித்து விடும் சிறு பாகங்கள்) அனைத்தையும் மாற்றிய பிறகுதான் மின்சாரம் கொடுக்க வேண்டுமா என்றும் கேட்கிறீர்கள். இவற்றைச் சேர்த்துப் படித்தபோது, இன்று சுவிட்சைப் போட்டால் அது பிழைக்குமா, பிழைத்தால் எவ்வளவு காலம் காப்பாற்றலாம் என்பதே உங்கள் உண்மையான கேள்வி என்று எனக்குத் தோன்றியது. அதற்கே பதில் எழுதுகிறேன்.

அவசரமான விஷயத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். கணினியோடு வந்த பழைய அடாப்டரை அளந்து பார்க்காமல் அதில் செருகாதீர்கள். இத்தனை ஆண்டுகள் தப்பித்து வந்த சில்லுகளை ஒரே நொடியில் சாகடிக்கக்கூடியது பெரும்பாலும் அந்த அடாப்டர்தான். மற்றபடி, ஒரு கணினிக்கு ஒரே வயது என்று எதுவும் கிடையாது. அதனுள் இருக்கும் சிலிக்கன் ஒரு வேகத்தில் மூப்படைகிறது, கெப்பாசிட்டர் இன்னொரு வேகத்தில் மூப்படைகிறது. பேட்டரி, ரப்பர், பிளாஸ்டிக், வட்டின் காந்தப் பூச்சு ஆகிய ஒவ்வொன்றுக்கும் தனித்தனிக் கணக்கு உண்டு. பொதுவாகச் சிலிக்கன் கடைசியில்தான் கெடுகிறது. அதற்கு மின்சாரம் ஊட்டும் பாகங்களும் அதைத் தொட்டுக்கொண்டிருக்கும் பாகங்களும் முந்திக்கொள்கின்றன.

மின்னணுவியல் படித்துவிட்டு, 20 ஆண்டுகளுக்கு மேலாக எட்டு பிட், பதினாறு பிட் கணினிகளைப் பழுதுபார்த்து வருகிறேன். இந்த அனுபவத்துக்கு ஒரு வரம்பு இருக்கிறது என்பதையும் சொல்ல வேண்டும். என் மேசைக்கு வருபவை எல்லாம் கெட்டுப்போனவை. நன்றாக ஓடும் கணினியை யாரும் என்னிடம் கொண்டுவருவதில்லை. ஆகவே, நூற்றுக்கு இத்தனை கெடும் என்ற கணக்கை என்னால் தர முடியாது. எது எப்படிக் கெடுகிறது, ஏன் கெடுகிறது என்பதை மட்டும் உறுதியாகச் சொல்ல முடியும். யாராவது துல்லியமான சதவீதம் சொன்னால், எந்தக் கணினிகளை எண்ணி அந்தக் கணக்குக்கு வந்தார்கள் என்று கேட்டுவிட்டு நம்புங்கள்.

சில்லுகளிலிருந்து தொடங்குகிறேன். 1975இல் வந்த 6502, 1976இல் வந்த இசட்80 போன்ற செயலிகளில் உள்ளே ஓடும் கோடுகளின் அகலம் சில மைக்ரோமீட்டர். இன்றைய சில்லுகளில் அது நானோமீட்டர் கணக்கில் இருக்கிறது. மின்னோட்டம் உலோகக் கோட்டின் அணுக்களை மெல்ல நகர்த்தி இறுதியில் கோட்டையே அறுத்துவிடும் தேய்மானம் எல்லாச் சில்லுகளிலும் உண்டு என்றாலும், கோடு தடித்திருக்கும் அளவுக்கு அதற்குப் பிடிக்கும் காலமும் நீள்கிறது. தொழிற்சாலைக் குறையோடு பிறந்தவை வாங்கிய சில மாதங்களிலேயே செத்துவிட்டன. இன்று உங்கள் பெட்டியில் இருப்பவை அந்தச் சோதனையைத் தாண்டி வந்தவை. அதனால், சூடும் ஈரமும் தவறான மின்னழுத்தமும் தாக்காதவரை, ஒரு சாதாரண இசட்80 இன்னும் பல பத்தாண்டுகள் வேலை செய்யாது என்று நினைக்க எனக்குக் காரணம் எதுவும் தெரியவில்லை.

ஆனால் எல்லாச் சில்லுகளும் அந்தத் தரத்தில் இல்லை. 1982இல் வெளிவந்த கொமடோர் 64இல் பிஎல்ஏ என்று அழைக்கப்படும் சில்லு, நினைவகத்தில் யாருக்கு எப்போது இடம் என்று முடிவு செய்யும் காவல்காரன். அது கடுமையாகச் சூடாகும், அடிக்கடி கெடும், கெட்டால் திரை வெறும் கறுப்பாக நிற்கும். அதே கணினியின் 6581 ஒலிச்சில்லு 12 வோல்ட்டில் ஓடி, தொட முடியாத அளவுக்குச் சுடும். எம்டி 4264 என்று அச்சிட்ட நினைவகச் சில்லுகள், கொமடோரிலும் அட்டாரி 800எக்ஸ்எல்லிலும், பழுதுபார்ப்போரிடையே பெயர்கெட்டவை. கெட்ட நினைவகத்தைக் கண்டுபிடிக்கப் பெரிய கருவி தேவைப்படாத சமயங்களும் உண்டு: கணினி ஓடத் தொடங்கிய ஒரு நிமிடத்தில் வரிசையாக நிற்கும் எட்டுச் சில்லுகளின் முதுகிலும் விரலை வைத்துப் பாருங்கள். ஏழு வெதுவெதுப்பாக இருந்து ஒன்று மட்டும் விரலைச் சுட்டால், அதைத்தான் முதலில் சந்தேகிக்க வேண்டும். சுடாததெல்லாம் நல்லது என்று மட்டும் இதிலிருந்து முடிவு கட்டிவிடாதீர்கள். சூடே ஆகாமல் கெட்ட சில்லுகளையும் நிறையப் பார்த்திருக்கிறேன்.

ஜாய்ஸ்டிக் செருகும் துளையின் பின்னால் இருக்கும் சில்லுகள் இன்னொரு வகையில் சாகின்றன. கொமடோர் 64இல் அந்தத் துளையின் ஊசிகள் 6526 என்ற சில்லுக்கு ஏறத்தாழ நேராகவே போகின்றன. வறண்ட நாளில் கம்பளத்தில் நடந்து வந்து அந்த ஊசியை விரலால் தொட்டால், உடலில் ஏறிய நிலைமின்சாரம் அந்தச் சில்லின் ஒரு காலைக் கொன்றுவிடும். பிறகு விசைப்பலகையில் சில எழுத்துகள் மட்டும் வராது, ஏனென்றால் விசைப்பலகையைப் படிப்பதும் அதே சில்லுதான். இதற்கும் வயதுக்கும் தொடர்பில்லை. கணினி ஓடும்போது எதையும் செருகாமல், பிடுங்காமல் இருந்தாலே பெரும்பாலும் தவிர்த்துவிடலாம்.

நிரல் பதிந்த சில்லுகளில் ஒரு வேறுபாட்டைக் கவனிக்க வேண்டும். தொழிற்சாலையிலேயே வடிவத்தோடு வார்த்த ரோம் சில்லில் தகவல் என்பது சில்லின் உருவம். அதில் கசிந்து போக எதுவும் இல்லை. முதுகில் கண்ணாடி ஜன்னல் வைத்து, புற ஊதா ஒளியால் அழித்து மீண்டும் எழுதக்கூடிய ஈப்ரோம் சில்லில், தகவல் என்பது காப்புப் படலத்துக்குள் சிறைப்பட்டிருக்கும் மின்னேற்றம். அது ஆண்டுக்கணக்கில் கொஞ்சம் கொஞ்சமாகக் கசியும். தயாரிப்பாளர்கள் பத்தாண்டு அளவுக்கு உறுதி தந்த சில்லுகள் 40 ஆண்டு தாண்டியும் தகவலை வைத்திருப்பதை அடிக்கடி பார்க்கிறேன் என்றாலும், அதை நம்பி இருக்கக் கூடாது. ஜன்னல் திறந்திருந்தால் ஒளி புகாத ஒட்டுத்தாளால் மூடுங்கள். வாய்ப்பிருந்தால் உள்ளடக்கத்தைப் படித்து நகல் எடுத்து வையுங்கள்.

இனி அடாப்டர். கொமடோர் 64இன் அடாப்டர் 5 வோல்ட் நேர்மின்சாரமும் 9 வோல்ட் மாறுமின்சாரமும் தருகிறது. பலவற்றில் உட்பகுதி முழுவதையும் எபாக்ஸி பிசின் ஊற்றி மூடியிருப்பார்கள். செங்கல்லைப் போலக் கனக்கும், திறந்து சரிசெய்ய வழியில்லை, உள்ளே எழும் சூடு வெளியேறவும் வழியில்லை. 5 வோல்ட்டைக் கட்டுப்படுத்தும் ரெகுலேட்டர் அந்தச் சூட்டில் ஆண்டுக்கணக்கில் வெந்து கடைசியில் கெடும்போது, மின்சாரத்தை நிறுத்திவிட்டுச் சாவதில்லை. தடுப்பாக இருக்க வேண்டிய அது வெறும் கம்பியாக மாறி, தன் பின்னால் இருக்கும் கூடுதல் மின்னழுத்தத்தை அப்படியே வெளியே விட்டுவிடுகிறது. அந்தக் காலச் சில்லுகள் ஏற்கும் அளவு 4.75 முதல் 5.25 வோல்ட் வரை. அதைத் தாண்டி 6, 7 வோல்ட் வந்தால் முதலில் போவது நினைவகம். அதன் பின்னே அதே 5 வோல்ட் கோட்டில் இருக்கும் மற்றவை.

பல ஆண்டுகளுக்கு முன் என்னிடம் ஒருவர் ஒரு கணினியையும் அதன் அடாப்டரையும் கொண்டுவந்தார். வீட்டில் தானே மீட்டர் வைத்துப் பார்த்ததாகவும், சரியாக 5 வோல்ட் காட்டியதாகவும் சொன்னார். அவர் சொன்னது பொய்யில்லை. நான் வைத்தபோதும் 5.1 வோல்ட்தான் காட்டியது. கணினிக்குப் பதிலாக மின்சாரத்தை இழுக்க ஒரு மின்தடையை லோடாக இணைத்து மேசையில் வைத்துவிட்டு வேறு வேலை பார்த்தேன். 20 நிமிடம் வரை எண் அசையவில்லை. அரை மணி நேரம் கழித்துத் திரும்பிப் பார்த்தபோது 5.4 என்று இருந்தது, பார்த்துக்கொண்டிருக்கும்போதே 5.9 ஆகி, 6.5ஐத் தாண்டியது. அடாப்டரைத் தொட்டால் நன்றாகச் சூடேறியிருந்தது. குளிர்ந்த நிலையில் நல்லதாகத் தெரியும் அடாப்டர் சூடேறிய பின் கொலைகாரனாக மாறுவதை அன்று கண்ணால் பார்த்தேன். அவர் கொண்டுவந்த கணினியில் எட்டு நினைவகச் சில்லுகளில் ஐந்து போயிருந்தன.

அதனால் அளப்பதற்கு நான் சொல்லும் முறை இது. 5 வோல்ட் முனைகளுக்கு இடையே 5 ஓம், 10 வாட் மின்தடை ஒன்றை இணையுங்கள். அது சுமார் ஓர் ஆம்பியர் இழுக்கும், 5 வாட் சூட்டை வெளிவிடும். மின்தடை நன்றாகவே சுடும், ஆகவே பீங்கான் தட்டின் மேல் வையுங்கள். ஒரு மணி நேரம் அருகிலேயே இருந்து பத்து நிமிடத்துக்கு ஒருமுறை அளவைக் குறித்துக்கொள்ளுங்கள். எண் ஏறிக்கொண்டே போனாலோ, 5.2ஐத் தாண்டினாலோ அந்த அடாப்டரை நினைவுப்பொருளாக வைத்துக்கொண்டு, கணினிக்கு இன்றைய தயாரிப்பு ஒன்றை வாங்குங்கள். சோதனையில் தேறினாலும் பிசின் ஊற்றிய அடாப்டரை நான் தினசரிப் பயன்பாட்டுக்குச் சிபாரிசு செய்வதில்லை, ஏனென்றால் இன்றைய சோதனை அடுத்த மாதத்துக்குச் சான்றாகாது.

இசட்எக்ஸ் ஸ்பெக்ட்ரம் என்ற வீட்டுக் கணினியின் கதை வேறு. அதன் அடாப்டர் கட்டுப்படுத்தப்படாத 9 வோல்ட் தருகிறது. 5 வோல்ட்டாக்கும் 7805 ரெகுலேட்டர் கணினிக்குள்ளேயே இருக்கிறது. அதன் முதல் 16 கிலோபைட் நினைவகத்துக்கு 4116 வகைச் சில்லுகளைப் பயன்படுத்தினார்கள். இவற்றுக்கு 5, 12, எதிர்மறை 5 என்று மூன்று மின்னழுத்தங்கள் வேண்டும். பலகையில் இருக்கும் சிறிய மின்மாற்றுச் சுற்று 12 வோல்ட்டையும் எதிர்மறை 5 வோல்ட்டையும் உருவாக்குகிறது. அதில் டிஆர்4 என்று குறித்த டிரான்சிஸ்டர் கெடுவது மிகவும் பழக்கமான பழுது. எதிர்மறை 5 வோல்ட் வராமல் மற்றவை மட்டும் வந்தால் நினைவகம் விரைவில் செத்துவிடும்; சில சமயம் நினைவகம் முதலில் கெட்டு, அது இழுக்கும் மின்னோட்டத்தால் டிரான்சிஸ்டர் போகிறது. டிரான்சிஸ்டரை மட்டும் மாற்றிவிட்டு, மூன்று மின்னழுத்தங்களையும் அளக்காமல் ஓட்டுபவர்கள் அதையே மறுபடியும் மாற்ற நேரிடுகிறது. இன்னொன்று: இந்தக் கணினியின் பிளக்கில் நடுமுனை எதிர்மறை, வெளிப்புறம் நேர்மறை, இன்று கடையில் கிடைக்கும் பெரும்பாலான அடாப்டர்கள் இதற்கு நேர்மாறானவை. வோல்ட் பொருந்துகிறது, பிளக் நுழைகிறது என்று செருகிவிடாதீர்கள்.

கெப்பாசிட்டர்கள் பற்றித்தான் அதிகமான அறிவுரைகளைக் கேட்டிருப்பீர்கள். மின்பகு திரவம் நிரப்பிய எலக்ட்ரோலிட்டிக் கெப்பாசிட்டரில் வெப்பம் அந்தத் திரவத்தை ரப்பர் மூடியின் வழியே கொஞ்சம் கொஞ்சமாக வெளியேற்றுகிறது. 10 டிகிரி செல்சியஸ் குறைந்தால் ஆயுள் இரட்டிக்கும் என்பது தொழிலில் நிலைபெற்ற தோராயக் கணக்கு. 85 டிகிரியில் 2000 மணி நேரம் என்று குறித்த ஒன்று 45 டிகிரியில் ஓடினால் சுமார் 32,000 மணி நேரம் தாங்கும். நாளுக்கு இரண்டு மணி நேரம் என்றால் அது 40 ஆண்டுக்கு மேல். பெரும்பாலான வீட்டுக் கணினிகள் வாழ்நாளில் அதில் ஒரு சிறு பங்குகூட ஓடியதில்லை. இந்தக் கணக்கு ஓடிய நேரத்துக்கு மட்டுமே என்பதையும் மறக்கக் கூடாது. ரப்பர் மூடி சும்மா இருக்கும்போதும் இறுகுகிறது.

இதை வைத்துக்கொண்டு, எல்லாவற்றையும் கண்ணை மூடிக்கொண்டு மாற்ற வேண்டும் என்ற அறிவுரையை நான் ஏற்பதில்லை. 1980களின் முதற்பாதியில், துளை வழியே கால் நுழைத்துப் பற்றவைத்த நல்ல ரகக் கெப்பாசிட்டர்கள் பல, இன்று அளந்தாலும் குறித்த அளவிலேயே இருக்கின்றன. பழகாத கை அவற்றைப் பிடுங்கும்போது துளையின் உட்பூச்சு கிழிவதும், பலகையின் செம்புத் தடம் உரிந்து வருவதும், நேர்முனையும் எதிர்முனையும் மாறிப் பொருத்தப்படுவதும் நான் வாரந்தோறும் பார்க்கும் பழுதுகள். நல்ல நிலையில் இருந்த பலகை, கெப்பாசிட்டரால் கெடாமல் கெப்பாசிட்டரை மாற்றியதால் கெட்டது என்று எழுத வேண்டியிருப்பது எனக்கு வருத்தமாகவே இருக்கிறது. முதலில் பாருங்கள், பிறகு அளந்து பாருங்கள், அதன் பிறகு மாற்றுங்கள். மாறான கருத்துள்ள தேர்ந்த பழுதுபார்ப்போரும் இருக்கிறார்கள். கெடும் வரை காத்திருப்பதைவிடத் தேர்ந்த கையால் முன்கூட்டியே மாற்றுவது மேல் என்ற அவர்களின் வாதத்தில் நியாயமில்லை என்று சொல்ல மாட்டேன். தேர்ந்த கை என்பதுதான் அந்த வாதத்தின் முக்கியமான பகுதி.

இரண்டு வகைகளுக்கு மட்டும் இந்தப் பொறுமை கூடாது. 1980களின் இறுதியிலும் 1990களின் தொடக்கத்திலும் பலகையின் மேற்பரப்பிலேயே ஒட்டிய சிறிய உலோக உருளைக் கெப்பாசிட்டர்கள் கசிவதற்குப் பேர்போனவை. 1992இல் வந்த கொமடோரின் அமிகா 600, அமிகா 1200, அதே காலத்து மெக்கின்டாஷ்களில் எஸ்இ/30 போன்றவை இந்த வரிசையில் வரும். கெப்பாசிட்டரின் அடியில் பற்றவைப்பு பளபளப்பு இழந்து சாம்பல் நிறமாக மங்கியிருக்கும். சூட்டுக்கோலை வைத்ததும் மீன் வாடை அடிக்கும். அந்த வாடை வந்துவிட்டால் ஐயமே வேண்டாம், திரவம் பலகையில் இறங்கிவிட்டது. இவற்றை ஓட்டினாலும் ஓட்டாவிட்டாலும் மாற்றியே ஆக வேண்டும். இன்னொரு வகை, மின்இணைப்பின் குறுக்கே இரைச்சலை வடிகட்ட வைக்கும் காகிதக் கெப்பாசிட்டர். ரிஃபா என்ற பெயர் பொறித்த, மஞ்சளாகக் கண்ணாடி போலத் தெரியும் சிறு கட்டி அது. பிபிசி மைக்ரோ, ஆப்பிள் 2 போன்ற கணினிகளின் மின்வழங்கிகளில் (பவர் சப்ளை) இருக்கும். மேலுறையில் மயிரிழை வெடிப்புகள் விழுந்து, அதன் வழியே ஈரம் உள்ளே போய், என்றோ ஒரு நாள் மின்சாரம் கொடுத்ததும் வெடித்து அறை முழுக்கப் புகையும் நாற்றமும் பரப்பும். கணினி பெரும்பாலும் தப்பிவிடும் என்றாலும், வெடிப்பு தெரிந்தால் மாற்றாமல் மின்சாரம் கொடுக்காதீர்கள்.

நெடுநாள் ஓடாத மின்வழங்கிக்கு மின்னழுத்தத்தை மெதுவாக ஏற்ற வேண்டும் என்றும் சொல்வார்கள். எலக்ட்ரோலிட்டிக் கெப்பாசிட்டரின் உள்ளே காப்பாக இருக்கும் மெல்லிய ஆக்சைடு படலம் பயன்பாடின்றி நலிந்து, மின்னழுத்தம் படும்போது மீண்டும் உருவாகும் என்பது உண்மை. ட்ரான்ஸ்ஃபார்மர் கொண்ட பழைய மின்வழங்கிகளில் இந்த முறை பொருத்தமானது. மின்சாரத்தை மிக வேகமாகத் துண்டித்து இணைத்து மாற்றும் சுவிட்சிங் வகை மின்வழங்கிகளில், குறைந்த மின்னழுத்தத்தில் சுற்று சரியாகத் தொடங்காமல் தடுமாறுவதால், இதனால் நன்மையைவிடத் தொல்லையே அதிகம் என்பது என் கருத்து.

பேட்டரி பற்றி நிறையச் சொல்ல வேண்டும், ஏனென்றால் பெட்டியில் சும்மா கிடந்த கணினிகளை வேறெதையும்விட அதிகமாகச் சாகடித்தது அதுதான். 1980களின் தொடக்கத்து எளிய கணினிகளில் பேட்டரி கிடையாது. தேதியையும் நேரத்தையும் நினைவில் வைத்துக்கொள்ளும் வசதி வந்த பிறகு, நிக்கல் காட்மியம் பேட்டரி ஒன்றைப் பலகையிலேயே பற்றவைத்துவிட்டார்கள். 1991இல் வந்த அமிகா 500 பிளஸ், அதற்கு முந்தைய அமிகா 2000, ஏகார்ன் நிறுவனத்தின் ஏ3000, 386, 486 செயலி கொண்ட எத்தனையோ பீசி பலகைகள் என்று பட்டியல் நீளம். அதன் உள்ளே இருப்பது பொட்டாசியம் ஹைட்ராக்சைடு என்ற காரம். உறை தளர்ந்ததும் அது முனைகளின் வழியே ஊர்ந்து வெளிவந்து, பலகையின் மேல் பூச்சுக்கு அடியில் புகுந்து, செம்புத் தடத்தோடு பயணம் செய்யும். திறந்து பார்த்தால் முதலில் உப்புப் பூத்தது போன்ற வெண்படலம், அதைச் சுற்றி நீலமும் பச்சையுமாகக் களிம்பு, அதற்கு அப்பால் கறுத்துப்போன தடங்கள் தெரியும். கண்ணுக்குத் தெரியும் களிம்போடு சேதம் நிற்பதில்லை. அருகிலிருக்கும் சாக்கெட்டைக் கழற்றிப் பார்த்தால், வெளியே பளபளப்பாக இருந்த அதன் கால்கள் உள்ளே நூல் அளவுக்கு மெலிந்திருக்கும்.

அத்தகைய பலகை கிடைத்தால், பேட்டரியை வெட்டி எடுத்துவிட்டு, பாதித்த இடத்தை வினிகரில் நனைத்த தூரிகையால் தேய்த்துக் காரத்தைச் சமன்செய்து, உடனே காய்ச்சி வடித்த நீரால் கழுவி, ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலால் ஈரத்தை எடுத்து, முழுதாக உலரவிட வேண்டும். வினிகரையும் கழுவாமல் விட்டால் அது தன் பங்குக்கு அரிக்கும். பிறகு ஒவ்வொரு தடத்தையும் மீட்டரால் சோதிக்க வேண்டியிருக்கும்; பொறுமையைக் கேட்கும் வேலை. மெக்கின்டாஷ்களில் இருக்கும் அரை ஏஏ அளவு லித்தியம் பேட்டரியும் பாதுகாப்பானதல்ல. அது வெடித்துப் பலகையோடு உள்ளிருக்கும் இரும்புச் சட்டத்தையும் துருவாக்கிய கணினிகளைப் பார்த்திருக்கிறேன். எந்தக் கணினியாக இருந்தாலும் பேட்டரி இல்லாமல் வைப்பதே சரி. போனால் தேதி மட்டும்தான் போகும்.

அசையும் பாகங்களைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஸ்பெக்ட்ரத்தின் விசைப்பலகைக்கு அடியில் இருக்கும் மெல்லிய தாளின் வால்கள் நாளடைவில் நொறுங்கும் தன்மை அடைந்து, கழற்றிச் செருகும்போது ஒடியும். புதிதாகச் செய்த தாள்கள் கிடைக்கின்றன. ஆம்ஸ்டிராட் சிபிசி 6128இன் 3 அங்குல வட்டியக்கியில் இருக்கும் ரப்பர் பெல்ட் நீண்டுபோகும் அல்லது தார் போல உருகி ஒட்டிக்கொள்ளும். சில்லுகளின் கால்களும் சாக்கெட்டும் ஆக்சைடு படிந்து தொடர்பு விட்டுப்போவதால், ஒன்றுமே கெடாத கணினி செத்தது போல் கிடக்கும். சில்லை மெல்ல எடுத்து, கால்களைத் துடைத்து, மீண்டும் அழுத்தினால் எழுந்துவிடும். அடிக்கடி ஆட்டம் காணும் இணைப்பிகளின் அடியில் டிரை சால்டர், அதாவது பிடிப்பு விட்ட பற்றவைப்பு, விழுந்திருக்கிறதா என்று பூதக்கண்ணாடியால் பார்ப்பதும் பலன் தரும். மஞ்சளான பிளாஸ்டிக்கை ஹைட்ரஜன் பெராக்சைடும் புற ஊதா ஒளியும் கொண்டு வெளுக்கலாம் என்பது சரி. வெளுத்த பின் அது மீண்டும் மஞ்சளாகும் வேகம் பற்றியும், பிளாஸ்டிக் பலவீனப்படுவது பற்றியும் ஒன்றுக்கொன்று முரணான அனுபவங்களே இருக்கின்றன. நான் என் கணினிகளை மஞ்சளாகவே விட்டிருக்கிறேன்.

உங்களிடம் பழைய வட்டுகளோ கேசட்டுகளோ இருந்தால், கணினியைவிட அவற்றைப் பற்றித்தான் முதலில் கவலைப்பட வேண்டும். கெட்ட நினைவகத்துக்கு மாற்று உண்டு. நீங்கள் பதினாறு வயதில் எழுதிய நிரலுக்கு மாற்று கிடையாது. ஃபிளாப்பியின் கரிய பரப்பை ஜன்னல் வழியே சுற்றிப் பாருங்கள். பூஞ்சை வெள்ளைப் புள்ளிகளாகத் தெரிந்தால் அப்படியே போடாதீர்கள். அது பூச்சைச் சுரண்டி, வட்டியக்கியின் படிக்கும் தலையையும் அழுக்காக்கி, அடுத்து போடும் நல்ல வட்டையும் கீறும். சுத்தமான வட்டைக்கூட, வட்டியக்கியின் தலையைத் துடைத்து, முக்கியமில்லாத ஒரு வட்டைக் கொண்டு சோதித்த பிறகே போடுங்கள். படித்தவுடன் முழு வட்டையும் படிமமாக நகலெடுங்கள், ஏனென்றால் இரண்டாவது முறை அது படிக்காமல் போகலாம்.

ஓட்டினால் தேயுமா, ஓட்டாவிட்டால் கெடுமா என்று கேட்டீர்கள். இரண்டும் உண்மை, ஆனால் சமமாக அல்ல. ஒவ்வொரு முறை ஓட்டும்போதும் பலகை சூடாகி விரிந்து, அணைத்ததும் குளிர்ந்து சுருங்குகிறது. பற்றவைப்புகளும் சில்லுக்குள் இருக்கும் மெல்லிய கம்பிகளும் அந்த விரிசுருக்கத்தில் களைப்படைகின்றன. ஆண்டுக்குச் சில முறை ஓட்டுவதால் வரும் இந்தத் தேய்மானம், ஈரமான இடத்தில் பத்தாண்டு போட்டு வைப்பதால் வரும் அரிப்போடு ஒப்பிட்டால் மிகச் சிறியது. கூரையடி அறையின் வெப்பமும் நிலவறையின் ஈரமும் கூடாது. மனிதர் வசதியாக உட்காரும் அறையே கணினிக்கும் ஏற்ற அறை. இரண்டு, மூன்று மாதத்துக்கு ஒருமுறை ஒரு மணி நேரம் ஓட்டினால் சிறு கோளாறுகள் வளர்வதற்கு முன் தெரியவரும் என்பதற்காகவே நான் அதைச் செய்கிறேன். அப்படி ஓட்டினால் கெப்பாசிட்டரின் ஆயுள் கூடும் என்பதற்கு நான் பார்த்தவரை உறுதியான சான்று இல்லை.

எத்தனை ஆண்டு என்ற கேள்விக்கு மிஞ்சியிருக்கும் விடை, உதிரிப் பாகங்களைப் பொறுத்தது. கொமடோர் நிறுவனம் 1994இல் திவாலானது. அதன் படச்சில்லையும் ஒலிச்சில்லையும் யாரும் புதிதாக வார்ப்பதில்லை. இசட்80இன் 40 ஊசி வடிவத்துக்கு 2024ஆம் ஆண்டு ஜூன் மாதத்தோடு தயாரிப்பாளர் கடைசி ஆர்டர் வாங்கிவிட்டார். 6502இன் வழிவந்த 65சி02 மட்டும் இன்னும் புதிதாகக் கிடைக்கிறது. மறுபக்கம், பிஎல்ஏவுக்கும் ஒலிச்சில்லுக்கும் இன்றைய பாகங்களால் செய்த மாற்றுகளை ஆர்வலர்கள் விற்கிறார்கள், பல நன்றாகவே வேலை செய்கின்றன. ஆகவே, பேட்டரி அரிக்காத, நல்ல மின்வழங்கி கொண்ட ஓர் எட்டு பிட் கணினி, ஓரிரு பாகங்களை மாற்றிக்கொண்டு இன்னும் 20, 30 ஆண்டு ஓடும் என்று நான் எதிர்பார்க்கிறேன். இது என் மதிப்பீடு; இத்தனை வயதான சில்லுகள் இதற்கு முன் உலகில் இருந்ததில்லை என்பதால், அதற்கு மேல் முன்னோடிக் கணக்கு எதுவும் கிடையாது.

மாடல் பெயரை நீங்கள் எழுதவில்லை. அது தெரிந்தால், எந்தச் சில்லை முதலில் பார்க்க வேண்டும் என்று இன்னும் குறிப்பாகச் சொல்வேன். அதுவரை செய்யக்கூடியவை இவை: மின்சாரம் இல்லாமல் மூடியைத் திறந்து, பலகையை நல்ல வெளிச்சத்தில் படம் எடுங்கள், அடாப்டரை லோடோடு ஒரு மணி நேரம் அளந்து குறியுங்கள். கணினியோடு ஒன்றாகச் சேர்ந்த படக்குழாய்த் திரை இருந்தால் அதன் பின்பக்கத்தை மட்டும் திறக்க வேண்டாம். அணைத்துப் பல நாள் ஆன பிறகும் அதில் ஆபத்தான மின்னேற்றம் தங்கியிருக்கலாம், அதைப் பழகியவரிடம் விடுங்கள். பலகையில் நீலம் அல்லது பச்சை உறை போட்ட சிறு பீப்பாய் வடிவப் பேட்டரி தெரிந்தால், அடாப்டரை அளக்க உட்காருவதற்கு முன்பே அதை வெட்டி எடுத்துவிடுங்கள்.